எட்டு ஏன் கீழே இறங்கவில்லை

டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டி இரண்டு தளத்தில் ஒரு டிபன் கடை. காலையில் லூச்சி என்கிற மைதா பூரி இல்லாமல் வாய் திறக்காத பெங்காலித் தெருவை இட்லி சாப்பிட வைத்தது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் சமையலறையை மாடிக்கு ஏற்றியது. சாப்பாடு கீழே வர கயிறும் கப்பியும் வைத்து நானே செய்த லிப்ட். பெஹாலாவில் சொந்த வீடு. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. மாடியில் அடுப்பு வைத்தால் கட்டடம் விழும் என்று சொன்ன என்ஜினியர் இன்றைக்கும் என் கடையில்தான் வடை சாப்பிடுகிறார். கட்டடம் நிற்கிறது.

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர வேண்டும். அதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மகன் கட்டிக்கொண்டது இந்த ஊர்ப் பெண்ணை. இங்கத்து வழக்கப்படி நான் அவளை பௌமா என்பேன், அவள் என்னை பாபா என்பாள். கணக்கில் பெரிய படிப்பு. ஆனால் வருஷக்கணக்காக ட்யூஷன் சென்டர்களில் அரைகுறை வேலை. போன குளிர்காலத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்தால் நிரந்தர வேலை. இதுவும் போனால் இனி முயற்சி செய்யப்போவதில்லை என்று மகனிடம் சொல்லியிருந்தாள். சுவர் மெல்லியது, எனக்கும் கேட்டது.

அவளுக்குக் கொடுத்த பாடம், தலைமேல் குட்டி எண் உட்கார்ந்திருக்கும் கணக்கு. பவர் என்கிறார்கள். அந்தக் குட்டி எண் மைனஸாகவும் இருக்கும், பின்னமாகவும் இருக்கும். அதையெல்லாம் சுருக்கி எழுத வேண்டும். நடத்திப் பார்க்க ஆள் தேடினாள். மகனுக்கு ஏற்கெனவே தெரியும், என் மனைவிக்கு சீரியல் நேரம். நான்தான் உட்கார்ந்தேன்.

எட்டுக்கு மேல் மூன்றில் இரண்டு என்று எழுதிக் கேட்டாள். எட்டில் மூன்றில் இரண்டு பங்கு, ஐந்தேசொச்சம் என்றேன். இல்லையாம். எதை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் எட்டு வரும் என்று முதலில் பார்க்க வேண்டும்: இரண்டு. அந்த இரண்டை இரண்டு முறை வைத்துப் பெருக்க வேண்டும்: நான்கு. சரி, ஏற்றுக்கொண்டேன். மைனஸ் பவர் என்றால் வகுத்துக்கொண்டே போவது, அதனால் மைனஸ் சுமக்கிற எண்ணோ எழுத்தோ பின்னக் கோட்டுக்குக் கீழே இறங்கும், இறங்கினால் மைனஸ் போய்விடும் என்றாள். அதையும் ஏற்றுக்கொண்டேன்.

தகராறு வந்தது அடுத்த கணக்கில். எட்டும், பக்கத்திலேயே எக்ஸும். எக்ஸின் தலையில் மைனஸ் மூன்று. அவள் எக்ஸை மட்டும் கீழே இறக்கி மைனஸை எடுத்தாள். எட்டு மேலேயே நின்றது.

"எட்டையும் இறக்கு" என்றேன்.

அது இறங்காது என்றாள். ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டில் ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கத்தான் வேண்டும், என் லிப்டில் தட்டு இறங்கினால் கிண்ணமும் இறங்குகிறது என்றேன். விதி அப்படி என்றாள். விதியைக் கேட்டிருந்தால் நான் மாடியில் அடுப்பு வைத்திருக்க முடியாது என்றேன். நாலைந்து சாயங்காலம் இதே சண்டை. "அப்பா, அவளை விடுங்களேன்" என்றான் மகன். நான் விடவில்லை. புரியாததைப் புரிந்தது என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கடைக்கு வந்து மாடியில் நின்றாள். என் கடையில் ஒரு முறை உண்டு. தாளிக்காத சாம்பார் ஒருநாள் கீழே போய் மானம் போனதிலிருந்து, நான் ருசி பார்த்த வாளிக்கு மட்டும் கைப்பிடியில் துணி க்ளிப் போடுவேன். க்ளிப் போட்டதுதான் லிப்டில் கீழே இறங்கும். கீழே இருப்பவர் க்ளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுப் பரிமாறுவார். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாபா, பக்கத்து வாளி ஏன் போகல?"

"எப்படிம்மா போகும்? அதுக்கு க்ளிப் இல்லையே."

"எட்டுக்கும் மைனஸ் இல்ல."

கொஞ்ச நேரம் சட்னியைக் கிளறினேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவளே சாப்பிடும்போது சொன்னாள். பாடத்தின் நடுவில், கடைசி பெஞ்சில் மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்த அந்த மூவரில் ஒருவர் கையைத் தூக்கி, எட்டையும் ஏன் கீழே இறக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். விதி என்று இவள் சொல்லவில்லை. போர்டில் இரண்டு வாளி வரைந்து, ஒன்றுக்கு மட்டும் க்ளிப் போட்டிருக்கிறாள். பிறகு எட்டின் கீழே எக்ஸ் பவர் மூன்று என்று எழுதி, கணக்கில் கேட்டிருந்தபடி மொத்தத்துக்கும் மூன்றில் இரண்டு பவர் போட்டு, நான்கின் கீழே எக்ஸ் பவர் இரண்டு என்று முடித்தாளாம். அந்த மனிதர் தலையாட்டினாராம். வேலை கிடைத்துவிட்டது.

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். பிறகுதான் அவள் சொன்னாள், உதாரணம் எங்கே பிடித்தீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, "வீட்டில்" என்று பதில் சொன்னாளாம்.

வீட்டில் எங்கே லிப்ட் இருக்கிறது?

மாமனார் கடையில் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சரி பாபா, இனிமேல் சொல்கிறேன் என்றாள். அது போதாது. எட்டையும் இறக்கு என்று முதலில் கேட்டவன் நான் என்பதையும் சொல்ல வேண்டும் என்றேன்.

"தப்பாக் கேட்டதுக்கும் பேரு வேணுமா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி.

வேண்டும். அந்த நாலைந்து சாயங்காலத்தில் நான் விட்டுக்கொடுத்திருந்தால், அந்தக் கடைசி பெஞ்சுக்காரருக்கு இவள் விதி என்றுதான் பதில் சொல்லியிருப்பாள். இனி வருஷாவருஷம் அந்தப் பாடத்தை நடத்துவாள். வாளி வரையும்போது, இந்த சந்தேகம் டாக்குரியாவில் கடை வைத்திருக்கும் என் மாமனாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பெங்காலியில் சொன்னாலும் சரி.