ஸ்கேனுக்குப் போனவளிடம் லட்டு கேட்டார்கள்

போன சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நானும் வீட்டுக்காரரும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். எதிர்வீட்டு சரளாக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மே, ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?”

“திருப்பதிக்கு.”

“சனிக்கெழம பெருமாளா? குடுத்து வெச்சவ. காபிகூட குடிக்காம போறியா?”

தலையை ஆட்டினேன்.

“வரும்போது ரெண்டு லட்டு வாங்கிக்கினு வா.”

அதற்கும் ஆட்டினேன். சித்தூரில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. திருப்பதி என்று சொன்னால் போதும்... ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

நான் போனது மலைக்கு இல்லை. சிடி ஸ்கேனுக்கு. காபி குடிக்காததும் அதற்காகத்தான்.

மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆன பிறகு, இந்தக் கோடையில் லேசாக ரத்தம் பட்டது. மாம்பழ சீசன். உடம்புச் சூடு என்று நானே வைத்தியம் பார்த்து மோராகக் குடித்துத் தள்ளினேன். நிற்கவில்லை. கடைசியில் சதையை எடுத்து பயாப்ஸி செய்தார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய்.

“திருடன் வீட்டுக்குள்ள இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. தெருவுக்கு வந்துட்டானான்னு சிடியில பாக்கணும்” என்றார் டாக்டரம்மா. நெஞ்சு, வயிறு, அடிவயிறு எல்லாவற்றையும் பார்ப்பார்களாம். வெளியே பரவியிருந்தால் வைத்தியமே வேறு மாதிரி ஆகிவிடும் என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கினால்தானே?

ஸ்கேன் சென்டரில் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். கையில் ஊசியைக் குத்தி டேப் ஒட்டினார்கள். உள்ளே என்னைப் படுக்க வைத்த டெக்னீஷியன் தம்பி தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். “மருந்து போகும்போது ஒள்ளு வேடிகா உண்டுந்தி அம்மா. பயப்படொத்து. அர்த்தமயிந்தா?”

உடம்பு சூடாகும், அவ்வளவுதானே? தலையை ஆட்டினேன்.

அவர் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார். மெஷின் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. தொண்டையில் சூடு. நெஞ்சில் சூடு. வயிற்றைத் தாண்டி... கீழே குபுக்கென்று நனைந்தது.

போச்சு. ரத்தம்தான். வெள்ளைத் துணி, எதிரே கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஓர் ஆண்பிள்ளை. காலை இறுக்கினேன். இடுப்பைத் தூக்கி, கையை விட்டுத் தடவப் பார்த்தேன்.

“அம்மா, கதலகண்டி! அசையாதீங்க!” மைக்கில் அலறினார். மெஷின் நின்றது. ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் வெளியே போய் ஒரு நர்ஸை அனுப்பினார். புத்தூர்ப் பக்கத்துப் பெண்.

“இன்னாக்கா?”

அவள் காதில் சொன்னேன். துணியை விலக்கிப் பார்த்தாள்.

“ஒண்ணுமே இல்லக்கா, காஞ்சுதான் கீது. அந்த மருந்து போனா ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஆம்பளைங்களே எழுந்து தொட்டுப் பாக்கறாங்க. அவரு சொல்லலியா?”

“சூடா இருக்கும்னாரு.”

“எங்க சூடா இருக்கும்னு சொல்லியிருக்க மாட்டாரே. அம்மா வயசுல கீறீங்க... வெக்கம் அவருக்கு.”

அவருக்குச் சொல்ல வெட்கம். எனக்குக் கேட்க வெட்கம். நடுவில் படம் ஆடிப்போனது. டாக்டரைக் கேட்டுவிட்டு, காத்திருக்க வைத்து, மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாவது தடவை சூடு வந்தபோது நான் அசையவில்லை. ஆனால் அடிவயிற்றில் கிடந்த பயம் மட்டும் அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை ரிப்போர்ட். ஊருக்குத் திரும்பினால் வாசலிலேயே சரளாக்கா.

“தரிசனம் நல்லா ஆச்சா? லட்டு எங்கம்மே?”

தலை பழக்கதோஷத்தில் ஆடப் பார்த்தது. ஆடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

சரளாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், “உன் வூட்டுக்காரு துணி வெலக்கிப் பாக்க உள்ள வருவாரா? என்னாண்ட சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல? பெருமாள் பேரச் சொல்லி ஏமாத்திக்கினு போயிட்டியே” என்றாள்.

திங்கட்கிழமை அவளும் வந்தாள். டாக்டரம்மா படங்களைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் படித்தார், இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். “புரிஞ்சுதாம்மா?”

நான் தலையை ஆட்டினேன். விலாவில் ஓர் இடி விழுந்தது.

“ஆட்டாத. கேளு” என்றாள் சரளாக்கா.

டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். “மேடம்... திருடன் தெருவுக்கு வந்துட்டானா?”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வெளியே வந்த மாதிரி ஸ்கேன்ல தெரியலம்மா. ஆனா சிடி கண்ணுக்கும் படாத பொடிசு இருக்கலாம். ஆபரேஷன்ல எடுத்து டெஸ்ட் பண்ணினாத்தான் முழுசா சொல்ல முடியும்.”

பாதி நிம்மதி. மீதி பயம். அந்தப் பாதியையாவது வாய்விட்டுக் கேட்டு வாங்கினேனே...

அடுத்த வாரம் அட்மிஷன். திருப்பதிக்கு, ஆபரேஷனுக்குப் போகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒருவரும் லட்டு கேட்கவில்லை.