அந்த மான் கண்ணை மூடியிருந்தது

என் மாமாவின் இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அது என்னால் வந்தது என்று எங்கள் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் நம்புகிறார்கள். இங்கே டெக்சாஸில் ஆலனில் இருப்பவர்களும் நம்புகிறார்கள், மேற்குக் கரையில் குபெர்டினோவில் இருப்பவர்களும் நம்புகிறார்கள். என் கல்யாண வரவேற்பில் மாமாவே மைக்கைப் பிடித்து, "இவளைக் காப்பாத்தப் போய் வாங்கின வீரத்தழும்பு" என்று சொல்ல, மண்டபமே கைதட்டியது. நான் பட்டுப்புடவையும் மாலையுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உண்மையில் என்ன நடந்தது என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாதான் சொல்லிவைத்துத் தன் கம்பெனியிலேயே அவரை வேலைக்குச் சேர்த்திருந்தார். இருவருக்கும் ஒரே மேலதிகாரி. வீட்டில் எல்லோருக்குமே அவர் பாஸ்தான். ஆறடிக்கு மேல் உயரம், பிறந்து வளர்ந்தது எல்லாம் டெக்சாஸ், தெற்கே சொந்தமாக ஒரு பண்ணை. நவம்பர் வந்தால் அங்கே மான் வேட்டைக்குப் போவார். அந்த வருஷம் அப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டார். பாஸ் கூப்பிட்டு மறுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவுக்கு அன்றைக்கு வேலை இருந்ததால், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நானும் போனேன்.

பாஸ் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கோபம் அவர்மேல் இல்லை. அவருடைய பிக்கப் வண்டியில் போகும்போதே எங்களுக்கு முறைகளைச் சொன்னார். மான் விழுந்ததும் அதனிடம் ஓடக்கூடாது. அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு முதுகுப் பக்கமாக, மெதுவாகப் போக வேண்டும். காலுக்கும் கொம்புக்கும் எதிரே போகவே கூடாது. கண்ணைப் பார்க்க வேண்டும். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். அப்போதும் நம்பாமல், நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்து, இமைக்காவிட்டால்தான் கிட்டே போகலாம். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவும் மாமாவும் ஆபீஸ் மீட்டிங்கில் ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டினார்கள். பின்சீட்டில் இருந்த நான் மட்டும்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

பாஸ் சுட்ட மான் கொஞ்சதூரம் ஓடி, ஒரு முள்வேலிக்கு அந்தப்பக்கம் புல்லில் விழுந்தது. பிக்கப்பை எடுத்துவருகிறேன், நான் வரும்வரை வேலியைத் தாண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியுடன் அவர் மரங்களுக்குள் நடந்தார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், மாமா கேமராவை அப்பாவிடம் நீட்டினார்.

"அத்தான், பாஸ் வர்றதுக்குள்ள ஒரு ஸ்நாப் எடுங்க. கொம்பைப் பிடிச்சிட்டு உக்கார்றேன். போட்டோ இல்லேன்னா ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

நான் வேலிக் கம்பிகளுக்கு நடுவே பார்த்தேன். மானின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடியிருந்தது.

"மாமா, போகாதீங்க. கண்ணு க்ளோஸ்டா இருக்கு. அப்படின்னா இட்ஸ் அலைவ். பாஸ் அங்கிள் சொன்னாரே."

"செத்துப்போனா கண்ணு மூடித்தான்டி இருக்கும். நீ தள்ளி நில்லு."

"இல்ல மாமா, அவர் வந்து..."

"பெரியவங்க பேசறப்ப என்ன குறுக்க குறுக்க?" இது அப்பா, கேமராவில் கண்ணை வைத்தபடி.

நம் வீடுகளில் ஒருவர் இறந்துபோனால், முதல் வேலையாக யாராவது கையை வைத்து இமைகளை மூடிவிடுகிறார்கள். மற்றவர்கள் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாமா பார்த்த சாவு எல்லாம் கண் மூடிய சாவு. மானுக்கு யார் வந்து மூடிவிட்டிருப்பார்கள் என்று, கம்ப்யூட்டர் சயின்ஸில் மாஸ்டர்ஸ் முடித்த அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம், தெரியாமல் இருப்பது ஒரு குற்றமா? தெரிந்தவள் ஒரு சின்னப் பெண் என்பதற்காக அவள் வாயை அடைத்தார்களே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மாமா வேலியைத் தாண்டி, நேராக முகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கி, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். மான் கண்ணைத் திறந்தது.

ஒரே உதறலில் எழுந்துவிட்டது. கொம்பு மாமாவின் தொடையில் இறங்கிக் கிழித்துக்கொண்டு போனது. அவர் மல்லாந்து விழுந்தார். மான் தள்ளாடியபடி சற்று தூரம் போய் மறுபடி சரிந்தது. மாமாவின் ஜீன்ஸ் சிவப்பாகிக்கொண்டே வந்தது. அப்பா வேலிக் கம்பியில் சட்டை மாட்டிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று நின்றார். நான் நின்ற இடத்திலிருந்தே பாஸைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் பிக்கப்பை விரட்டிக்கொண்டு வந்தார். மாமா சொல்லும் கதையில் இது வருவதே இல்லை.

பாஸ் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தின்மேல் அழுத்திக் கட்டினார். மானை இன்னொரு குண்டில் முடித்தார். கொம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தால், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஆள் போயிருப்பார் என்றார். பிறகு முகமெல்லாம் சிவக்க, வேலியைத் தாண்டாதே என்று சொல்லியும் எந்த முட்டாள் அதன் கிட்டே போனான் என்று கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை. என் பெண் ஓடிவிட்டாள், அவளைப் பிடிக்கத்தான் இவன் போனான் என்று இங்கிலீஷில் சொன்னார்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பதை பாஸ் பார்க்காமல் இல்லை. ஆனால் பெற்ற தகப்பன் தன் பெண்மேல் இப்படி ஒரு பழியைப் போடுவான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அவர் கோபம் இறங்கிவிட்டது. என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கண் திறந்திருந்தால் என்ன அர்த்தம், மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று முதலிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதுவும் எனக்கு. "ஐ டிடின்ட்" என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் தோளில் வந்து இறுகியது. "ஸாரி சொல்லும்மா" என்றார். சொன்னேன். மாமா பிக்கப்பில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். உயிரோடுதான் இருந்தார்.

மாமாவின் க்ரீன் கார்டு அப்போது பாஸின் தயவில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத முட்டாள் என்று அவரிடம் பெயர் எடுத்தால் எல்லாம் போச்சு. குழந்தை தப்பு செய்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதெல்லாம் பல வருஷம் கழித்து அப்பா அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னது. புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விட வேண்டுமா என்ன? க்ரீன் கார்டு வந்தது, மாமாவுக்கு ஆலனில் வீடும் வந்தது. அதற்குப் பிறகாவது நாலு பேரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்த பாட்லக் விருந்துக்குப் போனாலும் ஆன்ட்டிகள் என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பவாவது சொன்ன பேச்சு கேக்கறியா?" என்றார்கள்.

அன்றைக்கு எனக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட காலோடு மாமா எங்கள் காரின் பின்சீட்டில் மயக்கமாகக் கிடக்க, நாங்கள் இர்விங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் அழுதுவிட்டு, பிறகு யோசித்துப் பார்த்ததில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பா கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் யார் ஓடினார்கள் என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பாவம். ஃப்ரீவே நெடுக நான் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். நான் எந்தக் கம்பத்துப் பக்கத்தில் நின்றேன், மாமா எந்த இடத்தில் தாண்டினார் என்றெல்லாம்.

"நீங்க கேமரால பாத்துட்டு இருந்தீங்கப்பா, அதான் உங்களுக்குத் தெரியல. நான் போகவே இல்ல."

அப்பா ரோட்டைப் பார்த்தபடி "சரிம்மா" என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் பாஸிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்து, நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.