வெளிச்சம் பத்தலை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. வெளிச்சம் என்றால்தான் தெரியும். உச்சி வெயில் கண்ணைக் கூச வைக்கிற நேரமாக இருந்தாலும் சரி, ஸ்டூடியோவுக்குள் ஓர் ஆள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி அவர் சொல்லும் முதல் வார்த்தை, "வெளிச்சம் பத்தலை." சொல்லிவிட்டுக் குடை விளக்கை இந்தப் பக்கம் அரை அடி நகர்த்துவார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைப்பார். வெளிச்சம் போதும் என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

முகம்தான் அவர் பிழைப்பு. பாஸ்போர்ட்டுக்கு, வேலை விண்ணப்பத்துக்கு, கல்யாணத்துக்கு வரன் பார்க்க. சுவரில் வெள்ளைத் திரை, கண்ணாடி, ஒரு பவுடர் டப்பா, பல் போன சீப்பு, ஊருக்கே பொதுவாக ஒரு கறுப்புக் கோட்டு. ஒல்லியான ஆள் என்றால் கோட்டை முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவார். தடித்த ஆள் என்றால் கையை மட்டும் நுழைத்துவிட்டு முதுகை அப்படியே திறந்து விட்டுவிடுவார். முன்னால் நின்று பார்த்தால் எல்லோரும் மேனேஜர்தான். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு, மரு, கருவளையம், அம்மைத் தழும்பு என்று ஒவ்வொன்றாக அழித்து, வந்தவரை வந்ததைவிட அழகாக அனுப்பி வைப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொற்று வந்தது. ஊரை மூடினார்கள். கடை ஷட்டரையும் இறக்கச் சொன்னார்கள். அவர் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்கும் வார்டுக்கும் போய் வந்தால் ஆபத்து என்று அவளை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த விடுதியிலேயே தங்க வைத்துவிட்டார்கள். ஒரு பை நிறையத் துணியோடு போனவள்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. கீழே ஸ்டூடியோ, மேலே இரண்டு அறை, நடுவில் ஒரு மனுஷன். பேச ஆளில்லாமல் அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு நாள் மத்தியானம் அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து ஸ்டூலின் மேல் மாட்டி, விளக்கைப் போட்டு, "வெளிச்சம் பத்தலை" என்று கோட்டிடம் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே பயமாகிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து போட்டோ எடிட்டர் அம்மா கூப்பிட்டார். இவரிடம் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்ட பழக்கம். அவர்களுடைய படக்காரர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஊரடங்கில் வெளியே போக அனுமதி அட்டை தருகிறோம், ஊரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். வெளிச்சம் யோசிக்கவே இல்லை. கோட்டோடு பேசிக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் ஊர் அவருக்குப் பிடிபடவில்லை. பஸ் நிலையத்தில் பஸ்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. நாற்சந்தியின் நட்ட நடுவில் ஒரு நாய் மல்லாந்து தூங்கியது. பூட்டிய சலூனுக்குள் சுழல் நாற்காலி கண்ணாடியைப் பார்த்தபடி தனியாக இருந்தது. எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே மாதிரிதான் எடுக்க வந்தது: நேராக நின்று, நட்ட நடுவில் வைத்து, பின்னணி சுத்தமாக.

"என்னங்க இது?" என்றார் எடிட்டர் அம்மா போனில். "ரோட்டுக்கு விசா எடுக்கப் போறீங்களா? அப்படியே பாஸ்போர்ட் சைஸ்ல நிக்குதே!"

"ஆளே இல்லையேம்மா. முகம் இருந்தாத்தான் எனக்குக் கை வரும்."

"இருக்கிற முகமெல்லாம் மாஸ்க்குக்குள்ள போயிடுச்சு. கண்ணைப் பார்த்து எடுங்க."

காலையும் சாயங்காலமும் மனைவி போன் பண்ணுவாள். முதலில் வீடியோவில் வந்தாள். பிறகு வெறும் குரல் மட்டும்தான். கேட்டால், "நாள் பூரா மாஸ்க் போட்டு மூக்கு, கன்னமெல்லாம் வடு. பார்க்கச் சகிக்காது. உங்களுக்கு வேற பிடிக்காது" என்பாள். பேச்சும் சுருங்கிவிட்டது. நடுவில் இருமல் வந்தால் தண்ணீர் புரையேறிவிட்டது என்பாள். ஒரு மனுஷிக்கு இத்தனை தடவை புரையேறுமா என்று அவருக்குத் தோன்றும். கேட்க வாய் வராது. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அவளை ஒரு தடவை, தூரத்தில் நின்றாவது, கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று கிடந்தார்.

அதற்கு ஒரு வழியும் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸுகள் போராடப் போகிறார்கள் என்று எடிட்டர் அம்மா சொன்னார். கையுறை போதவில்லை, பாதுகாப்பு உடை போதவில்லை, காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு மாற்று ஆள் இல்லை, ஒரு நாள் ஓய்வு கிடையாது. வேலை முடிந்து வெளியே வரும் நர்ஸுகள் போட்ட உடையோடு கேட்டுக்கு முன்னால் நிற்கப் போகிறார்கள். வெளிச்சம் மனைவியிடம் அன்று காலையே கேட்டார்.

"நீயும் நிப்பியா?"

"நிப்பேன். கிட்ட வந்துடாதீங்க. போலீஸ் விடாது. சட்டையில பேர் எழுதியிருக்கும், அதைப் பார்த்துக்கோங்க."

அங்கே அது வழக்கம். தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டால் யார் எவர் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் நெஞ்சில் மார்க்கரால் பெயரை எழுதிக்கொள்வார்கள்.

போனார். ஆஸ்பத்திரிச் சாலையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஒருத்தியாக நின்றார்கள். கோஷம் இல்லை. அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வெள்ளை உடை, முகமூடி, கண்ணுக்கு மேல் கண்ணாடித் தகடு. எல்லோரும் ஒரே ஆளைப் போலத் தெரிந்தார்கள். போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நீள லென்ஸைப் போட்டு ஒவ்வொரு நெஞ்சாகப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் அந்தப் பெயர் இருந்தது. அவளுடைய எழுத்தேதான். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக்கொண்டே போவாள், கேட்க ஆளில்லாத மாதிரி.

அவர் கையை ஆட்டினார். அவள் பார்த்தாள். பதிலுக்கு ஆட்டினாள். கட்டை விரலைத் தூக்கியும் காட்டினாள்.

அப்புறம் அவருக்கு ஊர் உலகம் எதுவும் கண்ணில் படவில்லை. அவள் நேராக நின்றதை, தலையைச் சாய்த்ததை, அட்டையை மாற்றிப் பிடித்ததை, ஒன்றுவிடாமல் எடுத்தார். அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்து கலைந்து போகச் சொன்னதும், முன்வரிசையில் ஒரு நர்ஸ் பேசாமல் தன் வட்டத்துக்குள் உட்கார்ந்ததும், அவளைப் பார்த்து மொத்தச் சாலையும் உட்கார்ந்ததும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. தன் மனைவி உட்கார்ந்ததை மட்டும் எடுத்தார்.

"எல்லாரும் உட்கார்ந்தப்போ எங்கய்யா போனீங்க?" என்று எடிட்டர் அம்மா பொரிந்து தள்ளினார். "போராட்டத்தை எடுக்கச் சொன்னா சம்சாரத்தை எடுத்துட்டு வந்திருக்கீங்க!" திட்டிவிட்டு, கையாட்டும் படத்தை முதல் பக்கத்தில் போட்டார். நாலு பேர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்களாம்.

படம் எடுத்த அன்று ராத்திரி வெளிச்சம் முட்டை பொரித்து வயிறாரச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கிப்போனார். என் பெண்டாட்டி கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறாள், நான்தான் வீணாகக் கற்பனை பண்ணிக்கொண்டு செத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடி ஷோகேஸில் மாட்ட வேண்டும் என்று ஆசை. முகத்தைப் பெரிதாக்கினார். கண் மட்டும்தான் தெரிந்தது, அதற்கு மேல் புருவம். கை தன்னால் அழிக்கும் தூரிகையை எடுத்துக்கொண்டு இடது புருவத்துக்குப் போனது.

அவளுக்கு அங்கே ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்து அலமாரியின் கதவு இடித்துப் புருவம் இரண்டாகப் பிளந்து, தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காமலே நின்றுவிட்டது. கல்யாணப் படத்திலேயே அதை இவர் அழித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, தன் பரிசாக இருக்கட்டும் என்று செய்தார். அவள் பார்த்துவிட்டு, "யாருங்க இது?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள். ஒவ்வொன்றிலும் அழித்தார். கேமராவைத் தூக்கினாலே அவள் வலப் பக்கம் காட்டித் திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

இப்போது தூரிகை புருவத்தின் மேல் நின்றது. அழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

நேற்றே அழித்துவிட்டேனோ என்று நினைத்தார். கேமராவிலிருந்து கார்டை எடுத்துப் போட்டு, எடுத்தது எடுத்தபடி இருக்கும் படத்தைப் பார்த்தார். புருவம் முழுசாக இருந்தது. அடுத்த படம், அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அழகான, ஒரு பழுதும் இல்லாத புருவம். யாரோ ஒருத்தியின் புருவம்.

யாரோ ஒருத்தி நின்றதைவிட, லென்ஸுக்குள் அத்தனை நேரம் அந்தக் கண்ணைப் பார்த்தும் தனக்கு உறைக்கவில்லையே என்பதுதான் அவரைக் கொன்றது. போனை எடுத்தார்.

"நேத்து நின்னது நீ இல்ல."

"என்ன உளர்றீங்க? பேரைப் பார்த்தீங்கல்ல?"

"பேர் உன்னுது. ஆள் நீ இல்ல. எங்க இருக்க, சொல்லிடு."

அந்தப் பக்கம் இருமல் வந்தது. இந்தத் தடவை அவள் தண்ணீரைக் குறை சொல்லவில்லை.

"நாலாவது மாடி. நான் வேலை பார்த்த அதே வார்டு. நேத்துவரைக்கும் ஆக்ஸிஜன் வச்சிருந்தாங்க, இப்போ எடுத்துட்டாங்க." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "சொன்னா ஓடி வருவீங்க. உள்ள விட மாட்டாங்க. கேட்டுல நின்னு அழுவீங்க. எதுக்கு? அதான் விடுதியில என் ரூம்ல இருக்கிறவகிட்ட சொன்னேன். அவளும் என் உயரம்தான். பேரை நான்தான் படுத்துக்கிட்டே அவ சட்டையில எழுதிக் கொடுத்தேன். ஒருத்தர் கையாட்டுவார், நீயும் ஆட்டிடுடின்னேன்."

வெளிச்சம் திரையில் இருந்த படத்தை மூடினார்.

"சரி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"புருவம்" என்றார்.

"புருவமா?" அவள் சிரிக்கப் பார்த்து மறுபடி இருமினாள். "அதை நீங்க கவனிப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க. இத்தனை வருஷமா துடைச்சுத் துடைச்சு, எனக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே உங்களுக்கு மறந்திருக்கும்னு நினைச்சேன். அந்தத் தைரியத்துலதான் அவளை அனுப்பினேன்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை அது. துணி காய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவருக்குக் கன்னத்தில் அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது. அங்கேயே, விளக்கும் போடாத ஸ்டூடியோவில், கோட்டு மாட்டிய ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டி, நீள லென்ஸோடு கிளம்பினார். ஆஸ்பத்திரிச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. சாக்பீஸ் வட்டங்கள் மட்டும் அங்கங்கே அழிந்தும் அழியாமலும் கிடந்தன. மூன்றாவது வரிசை வட்டத்துக்குள் போய் நின்றார். கேட்டில் இருந்த காவலாளி விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், கேமராவையும் இவர் முகத்தையும் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

"கீழ நிக்கிறேன். ஜன்னலுக்கு வர முடியுமா?"

"சொன்னேன்ல, வருவீங்கன்னு!" என்றாள். கட்டில் கிறீச்சிடுவதும், சலைன் பாட்டில் தொங்கும், சக்கரம் வைத்த கம்பி ஒன்று உருளுவதும் போனில் கேட்டது. நாலாவது மாடியில் கடைசி ஜன்னலில் ஓர் உருவம் வந்தது. லென்ஸுக்குள் அவள் தெரிந்தாள். கன்னம் ஒட்டிப்போய், முடி எண்ணெய் காணாமல், மூக்கின் மேல் ரப்பர்க் குழாயின் வடுவோடு இருந்தாள். கேமராவைக் கண்டதும் பழக்கத்தில் வலப் பக்கத்தைக் காட்டித் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். "இடது பக்கம் காட்டு."

அவள் அப்படியே நின்றாள். "படமா எடுக்கப் போறீங்க, இந்தக் கோலத்துல?"

"திரும்பேன்."

மெதுவாகத் திரும்பினாள். அழுக்கு ஜன்னல் கண்ணாடி. அதில் பாதி ஆகாசம், பாதி காலிச் சாலை. அதற்கு நடுவில் அந்தப் புருவம், பிளந்து, முடி முளைக்காத அந்த வெள்ளைக் கீற்றோடு. அவர் ஒரு கண்ணை மூடினார். மேகம் வேறு வந்து சாலையை மூடிக்கொண்டிருந்தது.

"என்ன, வெளிச்சம் பத்தலையா?" என்றாள்.

"பத்துது" என்றார்.