வசம்புத் தொட்டி

எங்கள் திண்டிவனத்து வீட்டுக் கிணற்றடியில் ஒரு மண்தொட்டி நிறைய வசம்பு இருந்தது. நட்டவள் அத்தை, அப்பாவின் தங்கை. திருவெண்ணெய்நல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்தவள், ஒரு தை மாதம் அங்கே வாய்க்கால் ஓரத்தில் தோண்டிய கிழங்கைக் கொண்டுவந்து ஏரி வண்டலில் ஊன்றிவிட்டுப் போனாள். ஐப்பசி மழையில் அம்மா தொட்டியைக் கூரைத்தண்ணீர் விழும் இடத்துக்கு நகர்த்தினதோடு சரி, அது தன்பாட்டுக்குத் தழைத்தது.

அடுத்த சித்திரையில் தலைப்பிரசவத்துக்கு வந்த அத்தை முதலில் தொட்டியைத்தான் பார்த்தாள். வசம்புக்குச் சேறு காயக் கூடாது. கோடையில் மண்தொட்டி குடித்தது போக மிச்சம்தான் செடிக்கு. அதனால் காலையும் மாலையும் ஊற்றினாள், பழுத்த இலைகளைக் கிள்ளினாள். பிள்ளை பிறந்ததும் அந்தக் கிழங்கில்தான் வளையல் கோத்துக் கட்டுவாளாம்.

"கடையில விக்கிறது எந்தக் காலத்துச் சரக்கோ," என்பாள்.

வலி முன்னதாகவே கண்டுவிட்டது. அம்மாவோடு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பாவத் தூக்கிக்கினு வர்றேன். அதுவரைக்கும் சேறு காயாம தண்ணி ஊத்திக்கினு இரு, என்னா?"

தலையாட்டினேன். ஏழு வயதில் தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. அக்னி நட்சத்திரத்தில் கிணறு பாதாளத்துக்குப் போயிருந்தது. ஒரு சின்ன வாளி இழுப்பதற்குள் கை சிவந்துவிடும். இரண்டு நாள் ஊற்றினேன். அப்புறம் வாய் கொப்பளித்த தண்ணீரை வைத்தே ஒப்பேற்றினேன். அப்பா கேட்டால், "ஊத்திட்டேன்பா."

ஒன்பதாம் நாள் அத்தை வெறுங்கையோடு வந்தாள். பாப்பா எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தொட்டியில் இலையெல்லாம் வைக்கோலாகிக் கிடந்தது. நேரே கிணற்றடிக்குப் போனவள், வெடித்த சேற்றில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் குரலெடுத்து அழுதாள். அம்மாவும் அழுதாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு செடிக்காக இத்தனை பேரா! ஓடிப்போய் அவள் மேல் விழுந்தேன்.

"நான்தான் அத்தை, தண்ணி ஊத்தாம உட்டுட்டேன்."

"நீ என்னாடி பண்ணுவ," என்று என்னை இறுக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கை காய்த்துப்போக இறைத்து ஊற்றினேன். கிழங்கு சாகவில்லை, பத்தே நாளில் குருத்து விட்டது. அத்தையின் அழுகையை நிறுத்தியது நான்தான் என்று நெடுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை அணைத்தபோது ரவிக்கை நனைந்திருந்ததே, அது கண்ணீர் இல்லை, பால் என்று தெரிய, எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.