குறையாத மெயில்பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, தலைமேல் ஏற்றிவைத்த கண்ணாடி, மாடி முழுக்கக் கேட்கும் குரல். யார் மெயில்பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க அவரே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். தினமும் காலையில் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். எல்லார் கணக்கும் வந்து விழும். பெட்டி பெருத்தவர்களைக் கூப்பிட்டுத் திட்டுவார். அதற்குப் பயந்தே நான் எழுந்தவுடன் பழைய மெயில்களை அழித்துவிடுவேன்.

மேனாம்பேட்டில் தனியாகக் குடியிருந்தேன். வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள் காலை, மெயிலைத் திறப்பதற்கு முன்பே குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. கட்டில்மேல் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை.

மதியத்துக்கு முன் கதவு உடைந்தது. வாட்ச்மேனோடு அந்த அம்மா உள்ளே வந்தார்.

"எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"உன் பொட்டி இன்னிக்குக் கொறையவே இல்ல. போன் பண்ணா எடுக்கல. இன்னாவோ ஆயிட்ச்சுனு வண்டிய எட்துகினு வந்துட்டேன்."

"நான் வெளியூர் போயிருந்தா?"

"போயிருந்தா இன்னா நைனா? வேற கதவு மாட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

ஆம்புலன்ஸிலும் என்னோடு ஏறிக்கொண்டார்.

அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. தனியாக இருப்பவனை இப்படிக் கவனிக்க அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.