அம்மா சொன்ன சாட்சி

காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள் என்று அலுவலகத்தில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். பஞ்சு இல்லாவிட்டால், புத்தூரிலிருந்து போகும் மினிபஸ்ஸில் போடுகிற பாட்டு என் பல்லுக்குள் வந்து நிற்கும். பதினொரு வருடமாகப் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறையில் தனியாக வேலை செய்தேன். எந்தக் கோப்பு எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. போன வருடம் புதிதாக வந்த பொறுப்பதிகாரிதான் என்னை முன் கவுண்டருக்குத் தூக்கிப் போட்டார்.

கவுண்டரில் ஒரே நேரத்தில் ஆறு பேர் கதைப்பார்கள். மேலே மின்விசிறி கிறீச்சிடும், பக்கத்தில் டெலிபோன் அடிக்கும். மூன்றாம் நாள் நான் எழும்பிப் போய்ச் சாமான் அறையில் தலையை மூடிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று யாரோ சோடா வாங்கித் தந்தார்கள். பொறுப்பதிகாரி சொன்னார்: "உமக்கு என்ன வருத்தம் எண்டு டொக்டரின்ரை கடிதம் ஒண்டு கொண்டு வாரும். திரும்ப உள்ளை விடுறன். ரெண்டு மாசம் தாறன். அதுக்கிடையிலை கடிதம் இல்லையெண்டால் கவுண்டர்தான். ஏலாதெண்டால் விட்டிட்டுப் போம்."

என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக வாசித்திருக்கிறேன். அதன் பெயர் ஓட்டிசம். அதைத் தாளில் எழுதித் தர ஓர் ஆள்தான் இல்லை.

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓட்டிசம் என்றதும் பிள்ளைகள் பகுதிக்கு அனுப்பினார்கள். சுவர் முழுக்க யானையும் பலூனும் கீறியிருந்தார்கள். தாதி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை எங்கை?" என்றார். "நான்தான்" என்றேன். "இல்லையம்மா, காட்ட வந்த பிள்ளையைக் கேக்கிறன். என்ன வயசு?" "முப்பத்தாறு." அவர் சிரித்தார். "உது சின்னப் பிள்ளையளுக்கு வாறதெல்லோ!" என்றார். அப்படியென்றால் அந்தச் சின்னப் பிள்ளைகள் வளர்ந்து எங்கே போகிறார்கள்? வல்வெட்டித்துறைக் கடலிலா கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்? இதைக் கேட்காமல் வந்தேனே என்று வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

டவுனில் ஒரு டொக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும் என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதினார். எனக்கு நித்திரை வராமலா போனேன்? ஓட்டிசம் பார்க்கும் ஒரு நிலையத்துக்கு டெலிபோன் எடுத்தால் பதினெட்டு வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் "கொழும்புக்குப் போங்கோ" என்றார்கள். ஏதோ அடுத்த ஒழுங்கைக்குப் போ என்பதுபோல.

கடைசியில் மனநலக் கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருத்தி, பெண்பிள்ளை, ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டாள். "நீங்கள் சொல்லுறது பொருந்துது. ஆனால் சின்ன வயசிலை எப்பிடி இருந்தனீங்கள் எண்டு ஆராவது சொல்லோணும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். எனக்குப் பறக்காத குறை.

அம்மா மாம்பழநிறச் சேலை உடுத்து வந்தார். என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் உடுக்கிற சேலை அது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இவ எப்ப கதைக்கத் தொடங்கினவ?"

"பத்து மாசத்திலை, டொக்டர். அச்சாவாய்க் கதைச்சவள்."

"மற்றப் பிள்ளையளோடை விளையாடினவவோ?"

"ஐயோ, எல்லாரோடையும் நல்ல வாரப்பாடு."

"சத்தத்துக்குப் பயம், பிடிவாதம் ஏதும்?"

"ஒண்டுமில்லை. அடக்க ஒடுக்கமான பிள்ளை. சமையலும் வடிவாய்ச் செய்வாள்."

டொக்டரின் பேனை சமையலில் நின்றுவிட்டது. பதினொரு இடத்து ஆட்கள் என்னைப் பார்க்க வந்து, வேண்டாம் என்று போனார்கள். பதினொரு தடவையும் அம்மா சொன்னது இதே பாட்டைத்தான். முன்னே ஓர் அந்நியர் இருந்து மகளைப் பற்றிக் கேட்டால், அம்மாவின் வாய்க்கு வேறு விடை தெரியாது.

"அம்மா சொல்லுறதை வைச்சு நான் எழுத ஏலாது" என்றாள் டொக்டர் என்னிடம். "பழைய சான்று ஏதும் இருந்தால் அடுத்த மாசம் கொண்டு வாங்கோ."

ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே கத்தினேன். "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"மெள்ளக் கதையடி, சனம் பாக்குது."

"பாக்கட்டும்! நாலு வயசு மட்டும் வாய் திறக்காத பிள்ளை, பத்து மாசத்திலை கதைச்சவளோ?"

"தாளிலை எழுதினால் பேந்து அழியுமே? ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சும்மாவே சொன்னவை?"

"எனக்குக் கலியாணம் வேண்டாம்! என்ரை வேலை வேணும். அந்த அறை வேணும். விளங்குதோ?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பஸ்ஸில் ஆளுக்கொரு சீற்றில் இருந்து வந்தோம்.

ஒரு கிழமை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்பா செத்தபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி கதைக்காவிட்டால் வீடு ஊமை. ஒரு காலைச் சாப்பாட்டில்தான் அது என் கண்ணில் பட்டது. ஒரு கிண்ணத்தில் இடியப்பம், ஒன்றில் சொதி, ஒன்றில் சம்பல். ஒன்றோடொன்று பட்டால் நான் தொடமாட்டேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அப்படித்தான் வைக்கிறார். எனக்கு விசர் பிடித்தது.

"டொக்டரிட்டை ஒண்டுமில்லை எண்டு சொன்னியள். பின்னை உந்த மூண்டு கிண்ணம் ஆருக்கு?"

அம்மா எழும்பினார். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, என் சாதகம் வைத்திருக்கும் துணிப்பையைக் கொண்டுவந்தார். சாதகத்துக்குள் மடித்த துண்டு ஒன்று இருந்தது. எனக்கு நாலு வயதில் ஒரு டொக்டர் ஆங்கிலத்தில் எழுதியது. பிள்ளையைக் கொழும்பில் காட்டவும் என்று இருந்தது. அதன்கீழ் ஓட்டிசம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அப்ப சண்டை, கொழும்புப் பாதை பூட்டு. எப்பிடிக் கொண்டு போறது?" என்றார்.

"பாதை திறந்தாப் பிறகு?"

"நீ பெரியபிள்ளையாயிட்டாய்."

அவ்வளவுதான் விடை. நான் வாசல் வாசலாக அலைந்து கேட்ட தாள் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் முப்பத்திரண்டு வருடம் கிடந்திருக்கிறது! தரகர் வரும்போதெல்லாம் அம்மா சாதகத்தை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, இதைத் திரும்பப் பைக்குள் வைத்திருக்கிறார். கிழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுத்த மாதம் அம்மா வீட்டுச் சேலையோடு வந்தார். துண்டை மேசையில் வைத்தார். டொக்டர் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டாள். "நாலு வயசிலை" என்று தொடங்கினார் அம்மா. நிறுத்தவே இல்லை. வெடிச் சத்தத்துக்கு நான் கிணற்றடியில் ஒளிந்தது, பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேராமல் மதில் கல்லை எண்ணியது, கட்டிப்பிடித்தால் கடித்தது. நான் மறந்ததெல்லாம் அவரிடம் இருந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. இத்தனையும் தெரிந்துகொண்டா இவ்வளவு காலம் என்னைக் கொழுப்பு, திமிர் என்று ஏசினார் என்ற ஆத்திரம்தான் வந்தது.

அன்று டொக்டர் எழுதிய கடிதத்தோடுதான் நான் பதிவேட்டறைக்குத் திரும்பிப் போனேன். கடிதத்தை வாங்கும்போதே, என்னைப்போல வளர்ந்தவர்கள் கூடுகிற இடம், உதவி ஏதும் இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். "இஞ்சை ஒண்டும் இல்லை" என்றாள். வெட்கப்பட்டுத்தான் சொன்னாள். வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த அறையில் இருக்கவில்லை.

நாங்கள் எழும்பும்போது அவள் அம்மாவைக் கேட்டாள்: "பின்னை ஏனம்மா முதல் நாள் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீங்களும் பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லிப் போடுவியளோ எண்டு பயந்திட்டன்."