திருநீறு போட்டுத் தேய்த்த ரூபாய்

செல்லையாவின் வெள்ளி ரூபாயைத் திருநீறு போட்டுத் தேய்த்தது நான். பலர் முன்னிலையில் அவர் அதைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்னதும் நான். முதலாவதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு அப்படி எதுவும் கிடையாது. நாணயம் சேர்க்க வரும் இளைஞர்களுக்காக இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் பழைய நாணயக் கடை வைத்திருந்தேன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவன் என்பதால் நான் சொல்லும் கிரேடுக்கு மதிப்பு இருந்தது. அப்போது கிரேடு என்பது நாலைந்து சொற்கள்தான். ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன். புழக்கத்துக்கே வராத காசென்றால் யுஎன்சி. காசில் உள்ள வெள்ளைக்கார ராஜாவின் காது, மீசை, கிரீடத்து முத்து தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம், அவ்வளவே. கறுத்த வெள்ளியை அழுக்கு என்றே வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். "இம்புட்டுக் கறுப்பா இருக்கே, ஈயமாண்ணே?" என்பார்கள். அதனால் வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்குவதைப் போல, திருநீற்றைத் தொட்டுக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்ப்பேன். பளபளப்பு வந்துவிடும். எக்ஸ்ட்ரா ஃபைன் காசு யுஎன்சி ஆகிவிடும்.

செல்லையா மேலூர்க்காரர், பஸ் கண்டக்டர். ஓய்வு நாளில் கடைக்கு வந்து, ஆறு மாதம் யோசித்து ஒரு காசு வாங்குவார். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவார். நான் சொன்ன கிரேடை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது நிலைமை வேறு. காசை வடக்கே கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினால் எழுபது வரை எண் போட்டு, பிளாஸ்டிக் ஸ்லாபில் மூடித் தருகிறார்கள். முதலில் பார்ப்பது மேற்பரப்பைத்தான். தேய்த்த காசுக்கு எண்ணே கிடையாது. செல்லையா தன் சேகரிப்பிலேயே சிறந்தது என்று நம்பிய ரூபாயை அனுப்பினார். எண் இல்லாமல் 'க்ளீன்ட்', தேய்த்துச் சுத்தம் செய்தது, என்று எழுதி வந்தது.

ஆனையூரில் எங்கள் நாணயச் சேகரிப்பாளர் சங்கம் கூடிய ஞாயிற்றுக்கிழமை அந்த ரூபாய் கைமாறிக் கைமாறிப் போனது. அந்த வருடக் கண்காட்சிக்குச் செல்லையா நடுவர். சங்கச் செயலாளர் கார்த்தி, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, கார்த்திகைக்குக் குத்துவெளக்கு வெளக்குனாப்ல வெளக்கிருக்கீக. நீங்க எங்க காசுக்கு மார்க் போடப் போறீகளாக்கும்?"

"நான் தேய்க்கல மாப்ள."

"அப்ப ராஜாவே குளிச்சுட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். செல்லையா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க குடுத்த காசு. குடுக்கும்போது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

செல்லையா ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடுவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து மேலூருக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். உள்ளே வரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நான் சபையில கேட்டேன். நீங்க வீட்டுல வந்து சொல்றீக."

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பழைய ரூபாயும் திருநீற்றுப் பொட்டலமும் கொண்டுபோனேன். எல்லோரும் பார்க்கத் தேய்த்தேன். அதையும் செல்லையாவின் ஸ்லாபையும் அருகருகே வைத்து லென்ஸைக் கார்த்தியிடம் கொடுத்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி வட்டக் கீறல்கள். "என் கைவேலை. போன தடவை நான் சொன்னது பொய்" என்றேன். கார்த்தி செல்லையாவிடம் மன்னிப்புக் கேட்டான். பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். அன்றைக்கு என்னோடு யாரும் டீ குடிக்க வரவில்லை.

சில வாரங்களில் செல்லையாவே என் வீட்டுக்கு வந்தார், என்னிடம் வாங்கிய காசுகள் எல்லாவற்றோடும். "எதெது தேச்சதுன்னு உங்க கையாலயே எழுதுங்க" என்றார்.

தேய்த்த காசு இருந்த ஒவ்வொரு காகித உறையிலும் நான் என்றைக்கோ எழுதிய கிரேடை அடித்துவிட்டு, 'தேய்த்தது' என்று எழுதினேன். பாதிக்கு மேல் அப்படித்தான். ஒரு அரை ரூபாயில் பேனா நின்றுவிட்டது. லென்ஸில் தெளிவாகத் தெரியவில்லை, ஞாபகமும் இல்லை. கடையில் இருந்த காலத்தில் இப்படி வந்தால் கூசாமல் யுஎன்சி என்று போட்டிருப்பேன். 'தெரியவில்லை' என்று எழுதினேன். நாற்பது வருடத் தொழிலில் நான் அப்படி எழுதிய முதல் உறை அது. அந்தச் சொல்லை முதல் நாளிலேயே கற்றிருக்க வேண்டும்.

செல்லையா அதை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இத நம்புறேன்" என்று சொல்லிப் பைக்குள் வைத்தார்.